கடலும் வானமும் ஒரே கட்டத்துல: நைனாவுக்கு ஒரு டார்டன்

காசிமேட்டுப் பொண்ணு:

எங்க நைனா முப்பத்தெட்டு வருஷம் லாஞ்சுல போனவரு. முட்டி வலியால போன தடைக்காலத்தோட கடலுக்குப் போறதை நிறுத்திட்டாரு. ஆனா இப்பவும் மூணரைக்கு முழிப்பு வந்துடும். கட்டம் போட்ட லுங்கியை இறுக்கிக் கட்டிக்கினு, கரையோரம் கொட்டியிருக்கிற கருங்கல்லு மேல போய் உக்காந்துக்குவாரு.

ஸ்காட்லாந்துல குடும்பத்துக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு கட்டம் வச்சிருக்காங்க, டார்டன். அதைப் படிச்சதுலேருந்து ஒரே நினைப்பு: நைனா பார்த்த கடலையும் வானத்தையும் ஒரு கட்டத்துல வச்சு, அவரு கட்டிக்கிற மாதிரி ஒரு லுங்கி நெய்யணும்.

நம்ம கடல் காலண்டர்ல வர்ற நீலம் கிடையாது. அஞ்சு நாள் அவரோட கல்லு மேல உக்காந்து குறிப்பெடுத்தேன். நாலரைக்குக் கடல் எது, வானம் எதுன்னு பிரிக்க முடியாது. விளக்கு போட்ட போட்டு அந்தரத்துல தொங்கும். அப்புறம் அடிவானத்துல மீன் வயித்து வெள்ளையா ஒரு கோடு, அது மேல கத்தரிப்பூ, கொஞ்ச நேரத்துல செம்மஞ்சள். பொழுது ஏறினப்புறம் கடல் பச்சையும் சாம்பலுமா இருக்கும். "மடவை மீன் முதுகு"ன்னாரு நைனா, நான் அப்படியே எழுதிக்கிட்டேன்.

மொத்தம் ஏழு நிறம்: கருநீலம், ஈயச்சாம்பல், வெள்ளை, கத்தரிப்பூ, செம்மஞ்சள், வெளிர்நீலம், மடவைப் பச்சை. அட்டையில நூல் சுத்திப் பார்த்தேன். கோடா இருக்கும்போது அந்த விடியக்காலை அப்படியே இருந்துது. கிராஃப் தாள்ல குறுக்கயும் அதே வரிசையைப் போட்டேன், மொத்தமும் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி ஆயிடுச்சு. எதை எடுக்கணும்? இன்னொண்ணு, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வானம்னு வர வைக்க முடியுமா?

தறி வீட்டுப் பிள்ளை:

அக்கா, நான் குடியாத்தம். அப்பா லுங்கித் தறி போட்டவரு. இப்போ காலடிப்பேட்டையில குடியிருக்கேன்.

நீளத்துல ஓடுற பாவு இழையில ஏழு நிறம், குறுக்க ஓடுற ஊடை இழையிலயும் அதே ஏழு. அப்போ துணியில ஏழு நிறம் இல்ல, இருபத்தெட்டு நிறம். ஏழு நிறமும் தன்னோட தானே சேர்ற இடம் ஏழு. ஒண்ணோட ஒண்ணு கலக்குற இடம் இருபத்தொண்ணு. கண்ணு எதைப் பிடிக்கும்? நாலு நிறம்னா மொத்தம் பத்துதான்.

ரெண்டாவது, செம்மஞ்சளை அகலமா விட்டிருப்பீங்க. அது நீலத்தையும் பச்சையையும் பெரிசா வெட்டுற இடமெல்லாம் சேறாத்தான் தெரியும். நாலு இழைக்கு மேல வைக்காதீங்க. பொழுது கிளம்புற அந்தக் கோடும் மெலிசாத்தானே இருக்கும்?

முக்கியமா, ஈயச்சாம்பலுக்கும் கத்தரிப்பூவுக்கும் நூல் வாங்கவே வாங்காதீங்க. கருநீலப் பாவுல வெளிர்நீல ஊடை ஓடுற இடத்துல, கடலும் வானமும் பிரியாத அந்த நாலரை மணி தானா வரும். டார்டன்ல நெசவு ரெண்டு மேல, ரெண்டு கீழ, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு இழை தள்ளி. தறியில காலால அழுத்துற மிதி நாலு வேணும். கலப்பு நிறம் சாய்வுக் கோடா விழும், ரெண்டடி தள்ளி நின்னா ஒரே நிறமாயிடும். நம்ம லுங்கியோட சாதா நெசவுல அது பொடிப் புள்ளியா வரும், அதுவும் அழகுதான். நான் போட்டா டார்டன் நெசவுதான் போடுவேன், காத்துல அந்த சாய்வு அலையற மாதிரி தெரியும்.

பழைய வண்ணாரப்பேட்டை:

கட்டத்தைத் தேடி ஸ்காட்லாந்து வரைக்கும் போனீங்க, தப்பில்லம்மா. ஆனா தம்பி இருக்கிற காலடிப்பேட்டையே நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயர்தான் காலடியாகிவிட்டது. எங்கள் பேட்டையும் துணி வெளுத்தவர்களின் பேட்டை. மெட்ராஸ் கைக்குட்டை என்று கப்பலேறிய கட்டத் துணியை நைஜீரியாவின் கலாபாரி மக்கள் இன்றைக்கும் இன்ஜிரி என்று சொல்லி இடுப்பில் கட்டுகிறார்கள். இதை உங்கள் நைனாவிடம் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

பெரும்பாலான டார்டன்கள் கண்ணாடி போலத் திரும்பும். ஒரு நிறத்தில் தொடங்கி இன்னொன்று வரை போய், அதே வரிசையில் பின்னாடி வரும். திரும்புகிற இரண்டு நிறங்களையும் முதலில் முடிவு செய்யுங்கள். திரும்பாமல் ஒரே திசையில் ஓடுவதும் உண்டு, ஆனால் உங்களுக்குத் திரும்புகிறதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். போன படகு திரும்பி வர வேண்டாமா?

சாயத்துக்கு அவுரி, நீலச் சாயம் தரும் செடி. திண்டிவனம் பக்கம் இன்னும் பயிராகிறது. ஒரே தொட்டியில் ஒரு முக்கு முக்கினால் வெளிர்நீலம், காற்றில் காட்டிக் காட்டி எட்டுப் பத்து முறை முக்கினால் கருநீலம். தொட்டியிலிருந்து பச்சையாக வெளியே வரும் நூல், கண்ணெதிரே காற்றுப் பட்டு நீலமாகும். வானமும் ஆழக்கடலும் ஒரே தண்ணீரிலிருந்து வரட்டும். உரசினால் கொஞ்ச நாள் ஒட்டும், தனியாகத் துவையுங்கள்.

ஸ்காட்லாந்தில் 2009 பிப்ரவரியில் தொடங்கிய அரசுப் பதிவேடு இருக்கிறது. யாரும் பதியலாம். பெயரும், நிறமும், இழைக் கணக்கும் கொடுக்க வேண்டும், வேறு யாரும் முன்பே பதிந்த கட்டமாக இருக்கக் கூடாது.

காசிமேட்டுப் பொண்ணு:

போன படகு திரும்பி வரணும்னு எழுதினீங்களே அக்கா, அதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல. 2004 டிசம்பர்ல ஒரு நாள் பூரா நைனாவுக்காகக் காத்துக்கினு நின்னவங்க நாங்க. திரும்புற கட்டமே இருக்கட்டும்.

வெள்ளையையும் எடுத்துட்டேன், மனசு வரல, ஆனா எடுத்துட்டேன். இப்போ வரிசை, இழைக் கணக்குல: கருநீலம் 48, மடவைப் பச்சை 32, செம்மஞ்சள் 4, வெளிர்நீலம் 40, அங்கிருந்து திரும்பி செம்மஞ்சள் 4, பச்சை 32. தாள்ல மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த நாலரை மணி வந்துடுச்சு தம்பி, சாம்பலும் நீலமுமா. ஆனா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வானம்னு ஆசைப்பட்டது போச்சு இல்ல?

தறி வீட்டுப் பிள்ளை:

போகல அக்கா. ஒரு முழுக் கட்டம் 160 இழை. இரட்டை நூல், அங்குலத்துக்கு 60 இழைன்னு வச்சா, 48 அங்குல அகலத்துக்கு சரியா 18 கட்டம், 2880 இழை. கருநீலத்து நடுவுல ஆரம்பிச்சா கருநீலத்து நடுவுலயே முடியும். அதுகூட அரைக் கட்டம், 80 இழை சேருங்க. மொத்தம் 2960, அகலம் 49 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. இப்போ ஒரு ஓரம் கருநீலம், மறு ஓரம் வெளிர்நீலம். பாவு இடுப்பைச் சுத்தித்தான் ஓடும். அதனால கட்டும்போது வானத்து ஓரம் இடுப்புல, கடல் ஓரம் கால்ல.

குடியாத்தத்துல மாமாகிட்ட நாலு மிதித் தறி இருக்கு. நூல் சாயம் ஏறி வந்ததும் சொல்லுங்க, பாவு ஓட்டிடலாம்.

காசிமேட்டுப் பொண்ணு:

தாளை நைனாகிட்ட காட்டினேன். விரலால மேலேருந்து கீழ வரைக்கும் தடவிப் பார்த்தாரு. "மடிச்சுக் கட்டினா கடல் மேல வந்து வானத்தோட ஒட்டிக்குமே"ன்னாரு. நூல் வாங்கக் கிளம்புறேன் தம்பி.