பள்ளி பேஸ்பால்: வேலிக்கு வெளியே நின்று நல்ல படம் எடுப்பது எப்படி?

வேலியோரம் (கேள்வி)

வணக்கம். மகன் ஹைஸ்கூல் ஜேவி (முதன்மை அணிக்கு அடுத்த நிலை) அணியில் ஆடுகிறான். இருப்பது டல்லாஸ் பக்கம். கேமரா கேனன் ஆர்10, லென்ஸ் ஆர்எஃப் 100-400 (எஃப்/5.6-8). பெரும்பாலான ஆட்டங்கள் மாலை 4:30-க்கு. சிலது இரவு 7-க்கு, விளக்கு வெளிச்சத்தில்.

நான்கு சிக்கல். பேட் வாழைப்பழம் மாதிரி வளைந்து விழுகிறது. பந்து பேட்டில் படும் கணம் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. வேலிக் கம்பி படம் முழுக்க வெள்ளைப் புகையாகப் படர்கிறது. தொப்பி நிழலில் முகம் கறுத்துப்போகிறது. இதில் எதையெல்லாம் செட்டிங்கிலேயே சரிசெய்யலாம், எதற்கு வேறு லென்ஸ் வாங்கியே ஆக வேண்டும்?

ஷட்டர்சத்தம்

முதல் மூன்றுக்கும் காசு செலவு இல்லை. பேட்டையும் பந்தையும் நான் சொல்கிறேன், வேலியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட் வளைவது எலக்ட்ரானிக் ஷட்டரால். அதில் சென்சார் மேல்வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு கீழே வருகிறது. கடைசி வரிக்கு வருவதற்குள் பேட் நகர்ந்துவிடும். ஷட்டர் வேகத்தை 1/4000-க்குக் கூட்டினாலும் வளைவு போகாது, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் ஒளி வாங்கும் நேரம்தான் குறைகிறது, வரிகளைப் படித்து முடிக்கும் நேரம் அப்படியே இருக்கிறது. மெனுவில் ஷட்டரை மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். நொடிக்கு 23 படம் என்பது 15 ஆகக் குறையும், அது போதும். நடுவில் ‘எலக்ட்ரானிக் முதல் திரை’ என்று ஒன்று இருக்கும். அதிலும் பேட் நேராகத்தான் வரும், ஆனால் அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) பெரிதாகத் திறந்து 1/2000 போன்ற வேகத்துக்குப் போனால் பின்னணியின் மங்கல் வட்டங்கள் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். அதனால் மெக்கானிக்கலே நல்லது.

அடுத்து பந்து. பிட்சர் (பந்து எறிபவர்) நிற்கும் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். பிட்சர் முன்னால் எட்டி விடுவதால் பந்து உண்மையில் பறப்பது 55 அடி சுமார். மணிக்கு 80 மைல் என்றால் நொடிக்கு 117 அடி, அதாவது அரை நொடிக்குள் வந்துவிடும். நொடிக்கு 15 படம் எடுக்கும்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் பந்து ஏறக்குறைய 8 அடி தாண்டியிருக்கும். பேட்டில் அது ஒட்டியிருப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே பிட்சர் கை தூக்கும்போதே பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தால் நூறு படம் சேரும், அந்தக் கணம் மட்டும் இருக்காது. அதோடு ரா கோப்பில் (சென்சார் தரும் முழுத் தரவு) 2 நொடி சுமாரில் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பி, பேட்டர் ஓடத் தொடங்கும்போது கேமரா திணறிக்கொண்டு நிற்கும்.

பந்தைப் பார்க்காதீர்கள், பேட்டரின் முன்பாதத்தைப் பாருங்கள். முன்கால் தூக்கி, நீட்டி, தரையில் ஊன்றுவான். குதிகால் இறங்குகிற அந்த நொடியில் அழுத்தி, 4 அல்லது 5 படத்தோடு விரலை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பையனுக்கும் இந்தத் தாளம் கொஞ்சம் மாறும். உங்கள் மகனுடையது இரண்டு ஆட்டத்தில் விரலுக்குப் பழகிவிடும்.

ஷட்டர் 1/2000. அதில் பந்து முக்கால் அங்குலம் நகரும், உருண்டையாகவே தெரியும். 1/1000-இல் ஒன்றரை அங்குலம் நகரும். பந்தின் குறுக்களவே 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் முட்டை மாதிரி நீண்டுவிடும்.

ஃபோகஸைச் சர்வோவில் (நகரும் ஆளைத் தொடர்ந்து பின்தொடரும் முறை) வையுங்கள். பேட்டிங்குக்கு மட்டும் ஆள் கண்டறியும் வசதியை அணைத்துவிட்டு, ஒற்றைப் புள்ளியை மார்பு எண் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் அது பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முகமூடிக்கோ பின்னால் குனிந்து நிற்கும் அம்பயருக்கோ தாவும். அவன் ஓடத் தொடங்கியதும் ஆள் கண்டறிதல்தான் உதவும். இரண்டையும் தனித்தனிப் பட்டனில் வைத்துக்கொள்ளலாம்.

கம்பிவலை

வேலி என் பங்கு.

சாதாரணக் கம்பிவலையின் கண் 2 அங்குலம், அதாவது 50 மி.மீ. உங்கள் லென்ஸில் 400 மி.மீ.-இல் எஃப்/8 என்றால் ஒளி நுழையும் துளையும் 50 மி.மீ.தான். ஆகவே லென்ஸின் நடுவைக் கண்ணின் நடுவுக்குக் கொண்டுவந்து வேலியோடு ஒட்டினால் கம்பி ஓரத்தில் கொஞ்சம்தான் மறைக்கும். கம்பி மேலேயே நடுவை வைத்தால் கான்ட்ராஸ்ட் செத்துவிடும். ஒரு அங்குலம் இப்படி அப்படி நகர்த்தி வியூஃபைண்டரில் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஹூட் மாட்டியிருந்தால் லென்ஸ் கம்பியை விட்டு எட்டி நிற்கும், அதைக் கழற்றி விடுங்கள்.

வெள்ளைப் புகைக்குப் பெரும்பாலும் காரணம் கம்பி இல்லை, கம்பி மேல் விழுகிற வெயில். துத்தநாகம் பூசிய கம்பி பளபளவென்று மின்னும். டக்அவுட் (வீரர்கள் அமரும் இடம்) கூரை நிழல் விழும் இடமோ தூண் நிழலோ கிடைத்தால் அங்கே போய் நில்லுங்கள். அதுவும் இல்லையென்றால் தொப்பியைக் கழற்றி, லென்ஸுக்கு முன்னால் இருக்கும் அந்த நான்கைந்து கண்களுக்கு மட்டும் நிழல் பிடியுங்கள். புகை அப்படியே அடங்கும். கறுப்பு பூசிய வேலியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

வேலியிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் கம்பியில் போய் உட்காரும். ஒட்டி நின்றால் கம்பி அந்த லென்ஸ் ஃபோகஸ் செய்யக்கூடிய தூரத்துக்கும் உள்ளே வந்துவிடுகிறது, பிடிக்க நினைத்தாலும் பிடிக்க முடியாது.

இன்னொன்று, டக்அவுட்டைத் தாண்டி அவுட்ஃபீல்ட் பக்கம் நடந்து பாருங்கள். பல பள்ளிகளில் அங்கே வேலி இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிடும், மேலேயே எடுக்கலாம். 400 மி.மீ. அதற்குத்தான் இருக்கிறது.

வேலியோரம்

இருவருக்கும் நன்றி. எந்தப் பக்கம் நிற்பது? அவன் இடக்கையால் அடிப்பான், வலக்கையால் எறிவான். ஃபீல்டிங்கில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவன்).

மூன்றாம்பேஸ்

அப்படியென்றால் நீங்கள் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது.

ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சரைப் பார்த்தால் வலப்பக்கம் முதல் பேஸ், இடப்பக்கம் மூன்றாம் பேஸ். வலக்கை பேட்டர் நிற்கும்போது மார்பும் முகமும் முதல் பேஸ் பக்கம் திறந்திருக்கும். இடக்கைக்காரனுக்கு மூன்றாம் பேஸ் பக்கம். ஆகவே மகன் அடிக்கும்போது மூன்றாம் பேஸ் பக்கம் நில்லுங்கள். அவன் ஃபீல்டிங் செய்யும்போது முதல் பேஸ் பக்கம் வந்துவிடுங்கள். ஷார்ட்ஸ்டாப் பந்தை அள்ளி முதல் பேஸுக்கு எறிவான், முகமும் கையும் நேராக உங்களை நோக்கி வரும். டபுள் பிளே (ஒரே பந்தில் இருவரை அவுட் ஆக்குவது) திரும்புவதும் அங்கிருந்துதான் அழகு. மூன்றாம் பேஸிலிருந்து ஹோமுக்குச் சறுக்கி வருகிறவனின் முகமும் முதல் பேஸ் பக்கத்திலிருந்துதான் தெரியும். இன்னிங்ஸ் பாதி மாறும் இடைவெளியில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் உயர வேலியான பேக்ஸ்டாப்புக்குப் பின்னால் சுற்றி நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். பிட்சருக்குக் கணக்கு தலைகீழ்: வலக்கை பிட்சரை மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும்.

இப்போது வெயில். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது விரும்பத்தக்கது என்று மேஜர் லீக் விதிப்புத்தகம் சொல்கிறது. பேட்டர் கண்ணில் மாலை வெயில் அடிக்கக் கூடாது என்பதற்காக. பள்ளி மைதானங்கள் எல்லாமே அப்படி இல்லை, போனில் வரைபடத்தைத் திறந்து ஒருதடவை திசை பார்த்துவிடுங்கள். அப்படி அமைந்த மைதானத்தில் மாலையில் சூரியன் பேட்டரின் முதுகுப் பக்கம், பேக்ஸ்டாப்புக்கு மேலே நிற்கும். முதல் பேஸ் பக்கத்திலிருந்து பேட்டரை எடுத்தால் எதிர்வெயில். மூன்றாம் பேஸ் பக்கம் பக்கவெயில், கொஞ்சம் தேவலை. அதே நேரம் பேக்ஸ்டாப் பக்கமிருந்து பிட்சரையும் ஷார்ட்ஸ்டாப்பையும் பார்த்தால் வெயில் அவர்கள் முகத்திலேயே விழும், தொப்பிக்கு அடியிலும் புகும்.

முகம் கறுப்பதற்கு: கேமராவின் தானியங்கி அளவீடு வெள்ளைச் சட்டையைப் பார்த்து மொத்தத்தையும் இருட்டாக்குகிறது. மேனுவலுக்கு மாறுங்கள். நல்ல வெயிலில் எஃப்/8, 1/2000, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 500 என்று தொடங்கி, ஒரு படம் எடுத்து முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எதிர்வெயிலில் அதிலிருந்து ஒரு ஸ்டாப் (அதாவது ஒளி இரண்டு மடங்கு), சில சமயம் ஒன்றரை ஸ்டாப் ஏற்ற வேண்டியிருக்கும். சட்டை வெளுத்தாலும் முகம் வரட்டும். அதோடு முட்டி போட்டு எடுங்கள். கீழிருந்து பார்க்கும்போது தொப்பி விளிம்புக்கு உள்ளே கண் தெரியும், செம்மண் தரையில் பட்டு வரும் ஒளியும் கை கொடுக்கும்.

பின்னணியையும் பாருங்கள். எதிரே வண்டி நிறுத்துமிடமோ பிளாஸ்டிக் கழிவறையோ தலைக்குப் பின்னால் வந்தால் நான்கு அடி தள்ளி நில்லுங்கள், மரம் வந்துவிடும். எஃப்/8-இல் பின்னணி அவ்வளவாகக் கரையாது என்பதால் உங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஷட்டர்சத்தம்

இரவு ஆட்டத்தை விட்டுவிட்டோம். அங்கேதான் உங்கள் லென்ஸ் தோற்கும். பள்ளி விளக்கில் எஃப்/2.8, 1/1000 வைத்தாலே ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை கேட்கும். எஃப்/8 அதைவிட 3 ஸ்டாப் குறைவு, 25,600-க்கு மேல் போகும். முகத்தில் மணல்தான் மிஞ்சும். பழைய இஎஃப் 70-200 எஃப்/2.8 ஒன்றை அடாப்டரோடு வாடகைக்கு எடுங்கள். வாங்குவதானால் செகண்ட் ஹேண்ட் இஎஃப் 85 எஃப்/1.8 மலிவு. பேட்டருக்குப் பக்கத்தில் நின்றால் அதுவே போதும்.

ஏப்ரலில் உங்கள் பக்கம் சூரியன் மறைய 8 மணி ஆகும். ஆகவே 7 மணி ஆட்டத்தில் முதல் இரண்டு இன்னிங்ஸுக்குப் பகல் வெளிச்சம் உண்டு. ஆட்டத்தின் முக்கியமான படங்களை அதற்குள் எடுத்துவிடுங்கள். பிறகு டக்அவுட் முகங்கள், கைதட்டல் என்று வேகம் குறைந்தவற்றுக்கு 1/250-இல் இறங்கலாம்.

பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் நொடிக்கு 120 தடவை மங்கிப் பிரகாசிக்கும். அடுத்தடுத்த படங்களில் ஒன்று மஞ்சள், ஒன்று இருட்டு என்று வரும். மெனுவில் ஆன்டி-ஃபிளிக்கரைப் போடுங்கள். தொடர்ந்து எடுக்கும் வேகம் கொஞ்சம் தடுமாறும், நிறம் ஒன்றாக இருக்கும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பேட்டர் கண்ணில் அடித்தால் அது ஆபத்து.

கம்பிவலை

ஆபத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணை வியூஃபைண்டரில் வைத்திருக்கும்போது ஃபவுல் பந்து (ஆட்டக் கோட்டுக்கு வெளியே பாயும் பந்து) வருவது தெரியாது. உங்கள் மகனைப் போன்ற இடக்கை பேட்டர் சீக்கிரம் சுழற்றினால் முதல் பேஸ் பக்கமும், தாமதித்தால் மூன்றாம் பேஸ் பக்கமும் பந்து பாயும். இடுப்பளவு வேலிக்குப் பின்னால் நிற்கும்போது ஒவ்வொரு பிட்சுக்கும் இடது கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த படத்தைத் திரையில் பார்ப்பது பிட்சுகளுக்கு நடுவில் வேண்டாம், இன்னிங்ஸ் மாறும்போது பாருங்கள். முழு உயர வேலியிலும் லென்ஸை ஒட்டி வைத்திருக்கும்போது கவனம் வேண்டும், அந்த இடத்தில் பந்து பட்டால் கம்பி உள்ளே குழிந்து முன் கண்ணாடியை இடிக்கும். சாதாரண யூவி ஃபில்டர் ஒன்று மாட்டி வையுங்கள்.

வேலிக்கு உள்ளே போகக் கேட்காதீர்கள். படம் எடுப்பவர்களுக்கு உள்ளே இடம் உண்டென்றால் அது ஆட்டத்துக்கு முன்பே கோடு போட்டுக் குறித்திருக்கும், அங்கே நிற்கவும் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம்பேஸ்

படங்களைப் பகிர்வதையும் சேர்த்துவிடுகிறேன். மற்ற பிள்ளைகள் இருக்கும் படத்தைப் பொதுவில் போடும் முன் அணிப் பெற்றோர் குழுவில் கேளுங்கள். தனி ஆல்பம் திறந்து இணைப்பை அவர்களுக்கு மட்டும் கொடுப்பது எளிது. ஸ்டிரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமல் அவுட்) ஆகித் தலை குனிந்து வரும் பையனின் படம் எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும் அதில் போட வேண்டாம், அது அவன் வீட்டுக்குத் தனியாகப் போகட்டும்.

வேலியோரம்

மெக்கானிக்கலுக்கு மாற்றிவிட்டேன். வியாழன் ஆட்டத்தில் மூன்றாம் பேஸ் பக்கம் நின்று பார்க்கிறேன். 85-ஐ வாடகைக்கும் விசாரிக்கிறேன். ரா கோப்பா, ஜேபெக்கா?

ஷட்டர்சத்தம்

பகலில் சி-ரா (சுருக்கிய ரா கோப்பு). கோப்பு சிறியது, பஃபர் கூடுதல் நேரம் தாங்கும், முகத்து நிழலைப் பிறகு ஏற்றவும் இடம் இருக்கும். இரவிலும் அதுவே, ஆனால் நாய்ஸ் குறைக்கும் மென்பொருள் வழியாக விட்டு எடுங்கள். கார்டு யூஎச்எஸ்-2 (வேகமாக எழுதும் வகை) ஆக இருக்கட்டும், ஆர்10-இல் ஒரே ஒரு கார்டு இடம்தான், இன்னொன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.