கரிகாலன் என்றால் கருகிய காலா, யானைகளுக்குக் காலனா?

வெண்ணிக்காரன்:
‘மகனுக்குக் கரிகாலன் என்று பெயர் சூட்டப் போகிறேன். கரி என்றால் யானை, காலன் என்றால் எமன்; யானைகளுக்கு எமன் என்பதே பொருள், கருகிய கால் என்பது சோழனை இழிவுபடுத்தக் கட்டிய கதை’ என்று ஆற்றங்கரை நேற்று எழுதியிருந்தார். யார் கட்டிய கதை ஐயா? கரிகாலனைப் பாடும் சங்கநூலான பொருநராற்றுப்படையின் இறுதி வெண்பாவே ‘கரிகாலன் கால்நெருப் புற்று’ என்றுதான் முடிகிறது.

ஆற்றங்கரை:
அது பிற்கால வெண்பா. நூலாசிரியர் முடத்தாமக்கண்ணியார் பாடியதன்று. வெண்ணிப் போரில் சேரனையும் பாண்டியனையும் ஒரே களத்தில் வீழ்த்தியவனைத் தீக்காயத்தை வைத்தா அழைப்பார்கள்?

வெண்ணிக்காரன்:
வெண்பாவை விடுங்கள். நூலுக்குள்ளேயே ‘கரிகால் வளவன்’ என்று வருகிறது. புறநானூறு 66-இல் வெண்ணிக் குயத்தியாரும் ‘கரிகால் வளவ’ என்றே விளிக்கிறார். கரிகால்! இதில் காலன் எங்கே இருக்கிறான்? யானைக்கு எமன் என்பது பிற்காலச் சோழர் செப்பேடுகளில் வடமொழிப் புலவர்கள் சொன்ன விளக்கம்.

ஆற்றங்கரை:
செப்பேட்டை வெட்டுவித்தவர்கள் அவன் வழிவந்ததாகச் சொன்ன சோழர்கள். அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

குடந்தைவாசி:
சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன், வீரபாண்டியன் தலைகொண்டவர். அவருக்கும் கால் கருகியிருந்ததா?

வெண்ணிக்காரன்:
முன்னோர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அதற்குக் காலைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கேட்டதற்கு விடை சொல்லுங்கள்: ‘கரிகால்’ என்பதில் காலன் எங்கே?

ஆற்றங்கரை:
கல்லணை கட்டியவனை நொண்டியாக்கிப் பார்ப்பதில் உங்களுக்கு என்ன மகிழ்ச்சி?

வெண்ணிக்காரன்:
நொண்டி என்று நான் எங்கே எழுதினேன்? கல்லணையை இழுத்தது நீங்கள். அவனைப் பாடும் சங்கநூலான பட்டினப்பாலை ‘குளம்தொட்டு வளம்பெருக்கி’ என்கிறது. கல்லணை என்ற பேச்சு அதில் இல்லை.

குடந்தைவாசி:
கல்லணையும் அவனுடையதில்லையா! காவிரித் தண்ணீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்தவர் எழுதும் எழுத்தா இது?

வெண்ணிக்காரன்:
பட்டினப்பாலையில் இல்லை என்றேன். அவன் கட்டவில்லை என்று எழுதவில்லை. படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

ஆற்றங்கரை:
இராசராசன் விவாதத்திலும் இவர் இப்படித்தான் எல்லோரையும் படிக்கத் தெரியாதவர்கள் என்றார். நான் மறக்கவில்லை.

வெண்ணிக்காரன்:
அன்றும் நீங்கள் விடை சொல்லவில்லை. பழமொழி நானூறு ‘சுடப்பட்டு உயிருய்ந்த சோழன் மகன்’ என்கிறது. தீயிலிருந்து மீண்டு வந்து நாடாண்டவன் என்பதைவிடப் பெரிய பெருமை எது? அதை ஏன் மறைக்கிறீர்கள்? கரிகால். காலன் எங்கே?

ஆற்றங்கரை:
வெள்ளிக்கிழமை பெயர் சூட்டு விழா. ‘யானைகளுக்குக் காலன்’ என்றே அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டது.

வெண்ணிக்காரன்:
அழைப்பிதழ் சான்றாகாது.