ரெஸ்டோரேஷன், ரீமாஸ்டர்: ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சிதைந்த பழைய திரைப்படங்களைப் பழையபடி மீட்டெடுக்கும் வேலையான 'ரெஸ்டோரேஷன்' என்பதற்குத் தமிழ் தேடும் இழையில் இதுவரை புதுப்பித்தல், மறுசீரமைப்பு, மீட்டுருவாக்கம், செப்பனிடல், புத்துயிரூட்டல் என்று வரிசையாக வந்துவிட்டன. பிடோக் ஐயா 'திருப்பணி' என்றார். எல்லாமே நல்ல சொற்கள்தான். ஆனால் எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதையே நாம் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை என்று எனக்குப் படுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் டிவிடி வாங்கினேன். அட்டையில் 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று தங்க நிறத்தில் போட்டிருந்தது. ஈசூனில் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். அம்மா அந்தப் படத்தைச் சின்ன வயதில் மெக்கன்சி ரோட்டு ரெக்ஸ் திரையரங்கில் பார்த்தவர். பத்து நிமிடம் ஆகியிருக்கும். "ஏம்பா, அவர் நெத்தியில பட்டையா திருநீறு இருக்குமே, எங்க காணோம்?" என்று கேட்டார்.

நெற்றியே இல்லை, திருநீறு எங்கிருந்து வரும்? இன்றைய அகலத் தொலைக்காட்சியை நிரப்புவதற்காகப் படத்தின் மேலேயும் கீழேயும் வெட்டியிருந்தார்கள். நாலுக்கு மூன்று என்ற சட்டத்தில் (ஃபிரேமில்) எடுத்த படத்தைப் பதினாறுக்கு ஒன்பது ஆக்கினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். நெருக்கமாகக் காட்டும் முகம் என்றால் நெற்றி போகும், நடனம் என்றால் பாதம் போகும். நாட்டியக் காட்சியில் பாதம் தெரியாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? மழைக்கோடுகளை, அதாவது சுருளில் விழுந்த நெடுங்கீறல்களை, எடுத்திருந்தார்கள், உண்மைதான். கூடவே தோலின் சுருக்கமும் சேலைக்கரையின் நெசவும் போய், எல்லா முகமும் மெழுகில் செய்தது மாதிரி வழவழவென்று இருந்தது. பின்னணி இசையையும் புதிதாக வாசித்துச் சேர்த்திருந்தார்கள். அம்மா பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

இனி இன்னொரு படத்தைப் பாருங்கள். சத்யஜித் ராயின் 'அபு' படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் கருகின. கருகியதைத் தூக்கிப் போடாமல் அமெரிக்காவில் பத்திரப்படுத்தி வைத்தார்கள். இருபது வருடம் கழித்து இத்தாலியின் போலோனா நகரில் உள்ள ஆய்வகம் ஒன்றில், இறுகிப்போன சுருள்களுக்கு ஈரம் கொடுத்து நெகிழவைத்து, கிழிந்த துளை விளிம்புகளைக் கையால் ஒட்டி, சட்டம் சட்டமாக வருடி (ஸ்கேன் செய்து) எடுத்தார்கள். கருகியே போன பகுதிகளுக்கு வேறு இடங்களில் இருந்த நகல் நெகட்டிவ்களையும் பிரிண்ட்களையும் தேடிச் சேர்த்தார்கள். 2015இல் திரையரங்குக்கும், அதே ஆண்டு புளூரே வட்டாகவும் அது வந்தது. மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றை இப்படிச் செய்ய வேண்டும் என்றால், நொடிக்கு 24 வீதம், 259,200 சட்டங்கள்.

நெற்றியை வெட்டிய வேலைக்கும் இந்த வேலைக்கும் ஒரே பெயரா? 'கர்ணன்' (1964) டிஜிட்டல் வேலைக்குப் பிறகு 2012 மார்ச்சில் திரும்ப வந்து அரங்குகளை நிறைத்தது நினைவிருக்கும். அதன் பிறகு பழைய படங்கள் பல மறுவெளியீட்டுக்கு வந்துவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் எதில் என்ன வேலை நடந்தது என்று வாங்குகிறவருக்குச் சொல்லத் தமிழில் சொல் இல்லை. ரசிகர் குழுக்களில் 'ரெஸ்டோரேஷன்', 'ரீமாஸ்டர்' இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம், செய்தி எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் 'புதுப்பித்தல்' என்று முடித்துவிடுகிறார்கள்.

'புதுப்பித்தல்' எனக்கு ஆகாததற்குக் காரணம் அதில் இருக்கும் 'புது'. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கிறோம், பழையது செல்லாததாகிவிடுகிறது. 'திருப்பணி' அழகான சொல், சொன்னவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஐயா, நம் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குக்கு முன்னால் சுதைச் சிற்பங்களுக்குப் பளிச்சென்று புது வண்ணம் அடிக்கிறார்கள். கோயிலுக்கு அது சரி, அங்கே வழிபாடு இன்றும் நடக்கிறது. படத்துக்கு அதைச் செய்தால் ஒளிப்பதிவாளர் வைத்த வெளிச்சம் போய்விடும்.

நான் முன்வைப்பது 'மீட்பு'. அடகுக் கடையில் வைத்த சங்கிலியை மீட்கிறோம். வட்டி கட்டி, சீட்டைக் காட்டி வாங்குவது நாம் வைத்த அதே சங்கிலி, அதே எடை. கடைக்காரர் "இதைவிடப் புது டிசைன் தருகிறேன்" என்றால் விடுவோமா? பழைய படத்திடமும் நமக்கு வேண்டியது அதுதான். இறந்துபோன ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் நம்மிடம் வைத்துவிட்டுப் போனது திரும்ப வர வேண்டும்.

'ரீமாஸ்டர்' என்பதற்கு 'மெருகு'. இதுவும் நகைக்கடைச் சொல்தான். பழைய வளையலுக்கு மெருகு போட்டுத் தருவார்கள், பளபளக்கும், ஆனால் துளி தங்கம் தேயும். புள்ளிகளைத் தேய்த்து எடுக்கும் மென்பொருளும் அப்படியே, கூடவே கொஞ்சம் படமும் போகிறது. அளவாகச் செய்தால் குற்றமில்லை. நல்ல நெகட்டிவ் கையில் இருந்து, ஒலியையும் நிறத்தையும் சற்றுத் தெளிவாக்கி வட்டில் போட்டால் அது நேர்மையான மெருகு. அதை மீட்பு என்று விற்காமல் இருந்தால் போதும்.

இரண்டுக்கும் பின்னால் 'பதிப்பு' சேர்க்கச் சொல்கிறேன்: மீட்புப் பதிப்பு, மெருகுப் பதிப்பு. இந்த ஒட்டுதான் எனக்கு மிக முக்கியம். தமிழில் பதிப்பு என்றாலே உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வருவார். ஊர் ஊராகப் போய் ஏடு தேடி, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்து, எந்தச் சுவடி யாரிடம் கிடைத்தது என்று முன்னுரையில் எழுதிவைத்தார். 1894இல் அவர் புறநானூற்றை அச்சிட்டபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் வரிகள் சிதைந்திருந்தன. அவர் நினைத்திருந்தால் தாமே எழுதி நிரப்பியிருக்கலாம், அந்தப் புலமை அவருக்கு இருந்தது. நிரப்பவில்லை. இன்றும் புறநானூற்றைப் புரட்டினால் அந்த இடம் புள்ளிகளோடு காலியாகவே இருக்கிறது. படத்தை மீட்கிறவர் செய்ய வேண்டிய வேலைக்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நாம் வெளியில் தேட வேண்டியதில்லை. ஏட்டுக்குப் பதில் சுருள். மூலம் எது, எந்தப் பிரிண்டிலிருந்து எவ்வளவு எடுத்தோம், எந்தப் பாட்டில் எத்தனை விநாடி கிடைக்கவில்லை என்று அட்டையிலோ உள்ளே ஒரு தாளிலோ சொல்ல வேண்டும். சட்டம் முழுதாக இருக்க வேண்டும். பழைய ஒற்றைத்தட (மோனோ) ஒலியும் கேட்கக் கிடைக்க வேண்டும், புது ஒலி வேண்டுமானால் கூடுதலாக இருக்கட்டும். இவ்வளவும் இருந்தால்தான் மீட்புப் பதிப்பு.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1950களிலும் 60களிலும் இங்கே கேத்தே-கெரிஸ் நிறுவனம் எடுத்த மலாய்ப் படங்களில் பி.என்.ராவ், எல்.கிருஷ்ணன், கே.எம்.பாஸ்கர் என்று இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்த இயக்குநர்கள் இருந்தார்கள். ஆசியத் திரைப்படக் காப்பகம் பாதுகாக்கும் அந்தத் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் ஏறியது. ஆனால் ராவ் இயக்கிய முதல் 'பொந்தியானாக்' (1957) தொலைந்தே போனது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) கதையும் அதுதான். நம் வெக்கையிலும் ஈரத்திலும் டப்பாவுக்குள் கிடக்கும் அசிட்டேட் சுருள் மெல்லச் சிதைந்து காடி (வினிகர்) வாடை அடிக்கத் தொடங்கும். அந்த வாடை வந்த பிறகு காலம் அதிகம் இருக்காது.

சில்லறைச் சொற்கள்: வட்டுக்கும் இணையத்துக்கும் பொதுவாக 'வீட்டுத்திரை வெளியீடு' போதும். 'சின்னத்திரை' தொலைக்காட்சிக்கு நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். சுருளில் விழுந்த நெடுங்கீறலுக்கு 'மழைக்கோடு'. "படம் மழை பெய்யுது" என்று நாம் எல்லாருமே கத்தியிருக்கிறோம், புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை. 'நெகட்டிவ்' அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து

*

மறுமொழி:

தம்பி, திருநீறு காணாமல்போன கதையை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கும் அதே அனுபவம் உண்டு.

இரண்டு ஐயம். 'மீட்பு' என்றால் எங்கள் சபையில் வேறு பொருள். மீட்பர், மீட்பின் நாள் என்று தினமும் சொல்கிறோம். 'மீட்புப் பதிப்பு' என்று தனியாகப் பார்த்தால் நான் வேதாகமம் என்றுதான் நினைப்பேன். 'படமீட்பு' என்றால் குழப்பம் வராதே. அடுத்தது, 'மெருகு' கேட்கவே இனிமையாக இருக்கிறது. நீங்கள் குறையாக நினைத்துக் கொடுத்த பெயரை வியாபாரிகள் பெருமையாகப் போட்டுக்கொள்வார்களே?

கிளமெண்டி அக்கா

*

அக்கா, முதல் ஐயத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வேலைக்குப் பெயர் 'படமீட்பு', செய்கிறவர் 'படமீட்பாளர்'. வட்டின் அட்டையில் படத்தின் பெயருக்குக் கீழே வரும்போது மட்டும் 'மீட்புப் பதிப்பு' என்று சுருக்கிக்கொள்ளலாம், அங்கே குழப்பம் வராது.

இரண்டாவதில் எனக்கு வருத்தமில்லை. பெருமையாகவே போடட்டும். மெருகு போட்டதை மெருகு என்றுதானே சொல்கிறார்கள், அதில் பொய் இல்லை. வாங்குகிறவருக்கு அது மீட்பு இல்லை என்று தெரிந்தால் போதும். வசைச்சொல்லாக ஒன்றை ஆக்கினால் யாரும் அட்டையில் அச்சிட மாட்டார்கள், திரும்ப 'டிஜிட்டல் ரீமாஸ்டர்'தான் வரும். 'இணையம்' என்ற சொல்லை நா.கோவிந்தசாமி இதே ஊரிலிருந்துதான் நமக்குத் தந்தார். சொல்லும்போது வாய் நோகாமல் இருந்ததால் விளம்பரம் எழுதுகிறவர்கூட அதை எடுத்துக்கொண்டார். மெருகும் அப்படி எளிதாக வாயில் வரும்.

படமீட்பு, மீட்புப் பதிப்பு, மெருகுப் பதிப்பு, வீட்டுத்திரை வெளியீடு, மழைக்கோடு, காடி வாடை ஆகிய ஆறையும் விளக்கத்தோடு எழுதி வெள்ளிக்கிழமை குழுமத்தின் சொற்பட்டியலில் சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். பிடோக் ஐயா, தங்கள் கருத்துக்காகக் காத்திருப்பேன். திரையரங்கில் படம் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் யாராவது இங்கே இருந்தால், நெடுங்கீறலைப் படம் ஓட்டும் அறைக்குள் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தெரிவியுங்கள். அங்கே வேறு சொல் புழங்கியிருந்தால் மழைக்கோட்டை எடுத்துவிட்டு அதையே போடுகிறேன்.