விருப்பப்பட்டுச் சமைக்கப் போனால் எல்லாமே நம் தலையில்தானா?

பெரிய_அண்டா:
எங்கள் குழுவில் கூட்டம், விழா என்று எது வந்தாலும் சமையல் என் பொறுப்பு என்று ஆகிவிட்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் முன்வந்தேன். இத்தனை பேர் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைப்பதில்லை. ஆனால் இப்போது அலுத்துவிட்டது. சமைப்பது அலுக்கவில்லை, அதைச் சுற்றி நடப்பதுதான்.

60 பேர் என்பார்கள். அதற்குக் கணக்குப் போட்டுப் பொருள் வாங்கி, காய் நறுக்கி முடித்த பிறகு, முந்தின நாள் ராத்திரி "90 ஆகும்போல இருக்கு, கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கோங்க" என்று மெசேஜ் வரும். 30 பேர் என்பது கொஞ்சமா? உதவிக்கு வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேரைக் காலையில் காணோம், வந்தவர்களும் போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். கைக்காசு போட்டு வாங்கியதைக் கேட்க எனக்குக் கூச்சம், அவர்களாகவும் கேட்பதில்லை.

கடைசியாக நடந்த நிகழ்ச்சியில், உள்ளே நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், மைக் வைத்தவர் முதல் நாற்காலி போட்டவர் வரை பேர் சொல்லிக் கைதட்டுகிறார்கள், நான் பின்பக்கம் அடிப்பிடித்த அண்டாவுக்குள் தோள்வரை கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். என் பேரைச் சொல்லாததுகூடப் பரவாயில்லை. "நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையே, போங்கள், இதை நான் கழுவுகிறேன்" என்று ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அதுதான் மனசு ஆறவில்லை.

விட்டுவிடவும் மனசு வரவில்லை. மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

உப்பு_பார்:
படிக்கும்போதே கை வலிக்கிறது, அதே அண்டாவை நானும் சுரண்டியிருக்கிறேன்.

"சமையல்" என்று மொத்தமாக ஒத்துக்கொள்ளாதீர்கள். பொருள் வாங்குவது, சமைப்பது, பரிமாறுவது, கழுவுவது எல்லாம் தனித்தனி வேலை. நீங்கள் எடுத்துக்கொண்டது சமைப்பது மட்டும். மற்றதற்கு யார் யார் என்று பேர் எழுதிக் குழுவில் போட்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முக்கியமாகக் கழுவுவதற்கு. அந்த வேலைக்கு மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள், அதற்கு ஒத்துக்கொண்டால் கடைசியில் கழுவுவது நீங்கள்தான்.

ஆள் கணக்குக்கு ஒரு கெடு வையுங்கள், பொருள் வாங்கப் போகிற நாள்தான் கெடு. "கொஞ்சம் கூட்டிக்கோங்க" என்றால் என்ன அர்த்தம் என்பதை எண்ணிக்கையாகவே காட்டுங்கள். ஒரு கிலோ அரிசி சுமார் 10 பேருக்குப் போதும் என்று வைத்தால், 30 பேர் கூடினால் 3 கிலோ அரிசி, வெந்த பிறகு அது 8 கிலோ சோற்றுக்கு மேல். அதற்குத் தகுந்த குழம்பு, காய், இன்னொரு அடுப்பு. அளவைப் பெருக்கினால் மட்டும் சரியாகிவிடாது என்பது சமைக்கிறவர்களுக்குத்தான் தெரியும்: பெரிய பாத்திரத்தில் அளவோடு ஒப்பிட்டால் நீர் குறைவாகத்தான் வற்றும், கொதி வர நேரம் பிடிக்கும், உப்பும் காரமும் ருசி பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் போடுகிறவருக்கு இதெல்லாம் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

பணம் முன்கூட்டியே வாங்குங்கள். முன்பணம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை, பின்னால் பில்லை நீட்டுவதுதான் கஷ்டம்.

வரவேற்பு_மேசை:
நான் நிகழ்ச்சி நடத்துகிற பக்கம். நாங்கள் வேண்டுமென்று கடைசி நேரத்தில் சொல்வதில்லை. வருகிறேன் என்பவர்கள் வருவதில்லை, பதிலே போடாதவர்கள் குடும்பத்தோடு வந்து நிற்கிறார்கள். கெடு வைத்தாலும் வாசலில் வந்தவரைச் சாப்பிடாமல் போகச் சொல்ல முடியுமா? சொன்ன கணக்குக்கு மேல் 10 சதவீதம் சேர்த்துச் சமைத்தால் பெரும்பாலும் போதும், அந்தச் செலவு எங்களுடையது. ஆனால் அண்டா விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். சமைத்தவர் சாப்பிட்டாரா என்று பார்ப்பது நடத்துகிறவர்களின் வேலை.

உப்பு_பார்:
10 சதவீதம் சரி, அதை ஆரம்பத்திலேயே சேர்த்துத்தான் எல்லாரும் வாங்குவோம். 60 என்பது 90 ஆவதற்கு 10 சதவீதம் பதில் ஆகாது. கெடு தாண்டி வருகிறவர்களுக்கு வெளியே வாங்குவது நடத்துகிறவர்கள் பொறுப்பு என்று முடிவு செய்துகொள்ளுங்கள், சண்டையே வராது.

சுடச்சுட:
எனக்கு எரிச்சலே வேறு. மதியம் மிஞ்சிய சோற்றை அப்படியே மூடி வைத்து ராத்திரிக்கு வைக்கச் சொல்வார்கள், முடியாது என்றால் "வீணாக்குகிறார்" என்ற பேர் எனக்கு. இதில் மட்டும் விட்டே கொடுக்காதீர்கள். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் கிடந்தால் கிருமி வேகமாகப் பெருகும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒன்று உண்டு, அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நச்சை உண்டாக்கும், வாந்தி வரவைக்கிற அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆழமான அண்டாவின் நடுப்பகுதி ஆற மணிக்கணக்கில் ஆகும். அதனால் மிஞ்சப்போகிறது என்று தெரிந்த உடனே அகலமான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். இடமில்லையா, பந்தி முடிகிற நேரத்திலேயே வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்பி, போனதும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள்.

நிலக்கடலை, பால், எள் போட்டது எது என்று ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்கு முன்னால் வையுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டால் பரிமாறுகிறவருக்குப் பதில் தெரிவதே இல்லை. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் முதல் கேள்வி சமைத்தவரிடம்தான் வரும், "வேகமாக எடுத்து வைங்க" என்று சொன்னவரிடம் வராது.

பெரிய_அண்டா:
எல்லாருக்கும் நன்றி. பேர்ப் பட்டியல், கெடு, முன்பணம் மூன்றையும் இன்றே குழுவில் எழுதிப் போடுகிறேன். பேர் சேராவிட்டால் அடுத்த நிகழ்ச்சிக்கு வெளியே சொல்லிக்கொள்ளட்டும். ஒரு சந்தேகம், சுடச்சுட: சூடாகவே வைத்திருப்பதானால் 60 டிகிரி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது, ஆவி பறந்தால் போதுமா?

சுடச்சுட:
போதாது, மேலே ஆவி பறக்கும்போதே ஓரம் ஆறியிருக்கும். உணவுக்குள் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், குழுப் பணத்தில். கிளறிவிட்டு நடுவிலும் ஓரத்திலும் பாருங்கள்.