சேர்மானப் பொருத்தல் என்றே வைப்போம்

வணக்கம்.

தரவு ஒருங்கிணைப்பில், அதாவது ஒரு மென்பொருளின் தரவை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது, பல புலங்களில் (பதிவின் தனித்தனிக் கட்டங்களில்) உள்ள பெறுமானங்கள் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரு இலக்குப் பெறுமானம் என்று வைப்பதை "காம்பினேஷன் மேப்பிங்" என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம்ம பேச்சில் இதுவரை நாலு சொல் வந்திருக்கிறது: கூட்டுப் பெறுமான இணைப்பு, பல்லொன்றுப் பொருத்தல், படமாக்கல், ஒட்டுப்புல மாற்றம். நாலையும் ஒரு உண்மையான வேலைக்குள் போட்டுப் பார்த்தேன். என் வாக்கு அந்த நாலுக்கும் இல்லை, சேர்மானப் பொருத்தலுக்கு. ஏன் என்று சொல்ல நம்ம தேயிலைத் தோட்டக் கணக்கையே எடுக்கிறேன், இலங்கை மலையகத்தில் ஹட்டனோ தலவாக்கலையோ பதுளையோ, செக்ரோல் (தொழிலாளரின் வேலையையும் சம்பளத்தையும் பதியும் தோட்டப் பதிவேடு) என்றால் தெரியாத வீடு இல்லையே.

தோட்டத்திலிருந்து வரும் பதிவில் மூன்று புலங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலை: கொழுந்து, கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), புல்லுவெட்டு, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை). நாள்: வேலை நாள் அல்லது ஞாயிறு. பேர், அதாவது அன்றைக்கு விழும் நாட்சம்பளக் கணக்கு: முழுப் பேர், அரைப் பேர், இல்லாவிட்டால் வெறுமை. சம்பளம் போடும் மென்பொருள் பக்கத்தில் இருப்பதோ ஒரே புலம், கொடுப்பனவுக் குறியீடு. கொழுந்து, வேலை நாள், முழுப் பேர் மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு குறியீடு. அதே கொழுந்தை ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குப் பறித்தால் கிலோவுக்குத்தான் காசு, பேர் விழாது, ஆகவே பேர்ப் புலம் வெறுமையாக வரும், அந்த வெறுமையையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான குறியீடு கிடைக்கும். கொழுந்து என்பதை மட்டும் வைத்தோ ஞாயிறு என்பதை மட்டும் வைத்தோ ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றும் ஒன்றாக நின்றுதான் ஒரு இலக்குப் பெறுமானத்தைக் காட்டுகின்றன, நாம் தேடும் பெயர் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது "கூட்டுப் பெறுமானம்" என்பதைப் பாருங்கள். கணக்கப்பிள்ளை ஒருவரிடம் இதைக் காட்டினால் மொத்தம் என்றுதான் எடுப்பார், மூன்று மலையில் பறித்த கொழுந்தின் கிலோவைக் கூட்டினால் வருவது. அவர் வாசிப்பில் தப்பே இல்லை, கூட்டு என்றால் கூட்டல்தானே. போதாததற்கு "கூட்டுச் சாவி" (காம்போசிட் கீ, பல புலங்களைச் சேர்த்து ஒரு பதிவை அடையாளம் காட்டுவது) என்று வேறொன்றுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

இணைப்பு, ஒட்டு இரண்டின் மேலும் எனக்கு இன்னும் கடுமையான ஆட்சேபம் உண்டு. அவை ஒரு பிழையான செய்முறையையே கையில் கொடுக்கின்றன. செக்ரோலில் ஒருவருக்கு உள்ள நம்பர் டிவிஷனுக்கு டிவிஷன் (தோட்டத்தின் பிரிவுக்குப் பிரிவு) திரும்ப வரக்கூடியது, அதனால் டிவிஷனையும் நம்பரையும் சேர்த்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். சரி, ஒட்டிவிடுவோம் என்று ஒருவர் உட்கார்ந்தால் டிவிஷன் 1, நம்பர் 12 என்பது 112 ஆகும். டிவிஷன் 11, நம்பர் 2 என்பதும் 112 தான். இரண்டு பேரின் சம்பளம் ஒருவரின் கணக்கில் போய் விழும், மாத முடிவில் பெரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில்) கேட்கும்போது யாராலும் பதில் சொல்ல முடியாது. நடுவில் ஒரு கோடு போட்டு ஒட்டலாமே என்பார்கள், போடலாம்தான், ஆனால் அது ஒரு உத்தி, கருத்து அதுவல்ல. சேர்மானத்தில் ஒவ்வொரு புலமும் தன் பெயரோடு தனித்தே நிற்கிறது. டிவிஷனை முதலில் சொன்னாலும் நம்பரை முதலில் சொன்னாலும் அது ஒன்றே. வரிசைமாற்றத்தில் இருந்து சேர்மானத்தைப் பிரித்துப் படித்த கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

பல்லொன்று என்று எழுதிய தம்பிக்கு: பல சேர்மானங்கள் ஒரே இலக்குக்குப் போகலாம், அது உண்மை. ஆனால் அது வேறு குணம். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், 2016 முதல் வந்ததில் 12 இலக்கம். ஒருவருடைய பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே ஆளுக்குப் போகின்றன, அது பல்லொன்று, அங்கே சேர்மானம் எதுவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கையேடு எழுதுகிறவர் திண்டாடுவார்.

படமாக்கலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நாவலைப் படமாக்கினார்கள் என்று ஊரே பேசும் சொல் அது.

பொருத்தல் என்றதும் கல்யாணப் பொருத்தம் நினைவுக்கு வரும், பத்தில் ஏழு இருந்தால் போதும் என்று மனம் போகும் என ஒரு அக்கா எழுதியிருந்தார். நல்ல எச்சரிக்கை. இங்கே மூன்று புலத்தில் இரண்டு ஒத்துவந்தால் போதாது. அதனால்தான் பொருத்தம் வேறு, பொருத்தல் வேறு என்று கறாராக இருக்கச் சொல்கிறேன். இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவையா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பொருத்தம் இருக்கட்டும், அங்கே அரைகுறையாக ஒத்துப்போவதற்கும் இடமுண்டு. இதற்கு அது என்று நாமே தீர்மானித்து வைப்பது பொருத்தல். திரையில் போட்டுப் பார்த்தாலும் சரளமாகவே ஓடுகிறது: "புதிய சேர்மானத்தைப் பொருத்து", "இந்தச் சேர்மானம் இன்னும் பொருத்தப்படவில்லை".

இந்த இரண்டாவது வாக்கியம் அவசியம். மேலே சொன்ன நாலு வேலை, இரண்டு நாள், மூன்று பேர் நிலை என்று பெருக்கினால் 24 சேர்மானம் வரும். அத்தனையும் நடப்பில் வராது, ஆனால் அட்டவணையில் எழுதாத ஒன்று என்றைக்காவது வந்து நிற்கும். அப்போது மென்பொருள் தானாக ஒரு இயல்புநிலைப் பெறுமானத்தைப் போட்டுக்கொண்டு போவதைவிட, பொருத்தப்படாத சேர்மானம் என்று சொல்லி நிறுத்துவதுதான் சம்பளம் வாங்குகிறவருக்கு நியாயம்.

இன்னும் ஒன்று தீரவில்லை. புல்லுவெட்டு, அரைப் பேர், நாள் எதுவாக இருந்தாலும் சரி என்று ஒரு வரி எழுத வேண்டுமானால் அந்த நாள்ப் புலத்தில் என்ன போடுவது? நான் "எதுவானாலும்" என்றே போடுகிறேன், பேச்சில் உள்ளபடி. முழுதாக எழுதிய வரியும் எதுவானாலும் வரியும் ஒரே பதிவுக்குப் பொருந்தினால் முழுதாக எழுதியதே முந்தும் என்ற விதியையும் வரையறைக்குள் சேர்க்க வேண்டும். எதுவானாலும் என்பது நீளம், பெட்டிக்குள் அடங்காது என்பவர்கள் அதைவிடச் சின்னதாக ஒன்று சொல்லுங்கள், வெறுமையோடு குழம்பாததாக இருந்தால் போதும்.