புதுப்பிப்பு: அப்பாவின் விலா வலி, கடைசியில் கல்தான்

போன கிழமை எழுதியிருந்தேனே, படுவான்கரையில் வயலுக்குப் போய் வந்த அப்பாவுக்கு வலது விலாவில் பிடித்த வலி அடிவயிறு வரை இறங்குகிறது, வாய்வா தசைப்பிடிப்பா என்று. பலர் வாய்வு என்றீர்கள், நானும் உள்ளி அவித்துக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் இல்லை. ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் சிறுநீரகக் கல்.

டொக்டர் மருந்துத் துண்டின் பின்பக்கம் படம் கீறிக் காட்டினார். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், மூன்று இடத்தில் ஒடுங்குகிறது: சிறுநீரகத்தை விட்டுப் புறப்படும் இடம், இடுப்பெலும்பு விளிம்பில் பெரிய இரத்தக்குழாயைக் கடக்கும் இடம், பைக்குள் நுழையும் இடம். கடைசிதான் மிக ஒடுக்கம், அப்பாவின் கல் நின்றதும் அங்கேதான். குழாய் சும்மா கிடக்கும் பைப் இல்லை, தசை சுருங்கிச் சுருங்கிச் சிறுநீரைக் கீழே தள்ளுகிறது, வழி அடைபட்டால் மேலே தேங்கி அழுத்தம் ஏறி உயிர் போகிற வலி.

வெயிலில் வியர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்காமல் பிளேன்டீயில் நாளை ஓட்டுகிற மனிதர், வேறென்ன நடக்கும்! இந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாக இறங்கும் என்று டொக்டர் வலிக்கு மாத்திரை தந்து, சிறுநீரை வடித்துப் பார்க்கச் சொன்னார். முந்தாநாள் விடிய தேத்தண்ணி வடியில் எள்ளு மாதிரி ஒன்று. “இதுக்கா இவ்வளவு ஆட்டம்?” என்றார் அம்மா. புது வடி வாங்கியாச்சு.