மின் ஆட்டோ கன்ட்ரோலர்: நீலகிரிக்குத் தனித் தரம் கேட்பது நியாயமா?

தேயிலைமேடு (குன்னூர்):

மின் வாகனங்களில் பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவிகளின், அதாவது திறன் மின்னணுவியலின், சந்தையைப் பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் உலகை ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசிய-பசிபிக் என்று பிரித்து, இந்தியாவைச் சீனாவோடு ஒரே கட்டத்தில் அடைத்துவிடுகின்றன. இதில் எனக்கு உடன்பாடில்லை. 2024ஆம் ஆண்டில் சீனாவில் பிளக்-இன் ஹைபிரிடுகளையும் சேர்த்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட மின் வாகனங்கள் விற்றன, அவற்றில் மிகப் பெரும்பான்மை கார்கள். அதே ஆண்டில் இந்தியாவில் பதிவான ஏறத்தாழ 20 லட்சம் மின் வாகனங்களில் கார்கள் ஒரு லட்சம் அளவே, மற்றவை அனேகமாக ஸ்கூட்டர்களும் மூன்று சக்கர வண்டிகளுமே. காரின் மோட்டாரை இயக்க, 300, 400 வோல்ட்டில் வேலை செய்யும் ஐஜிபிடி அல்லது சிலிக்கன் கார்பைடு என்ற மின்னணுச் சுவிட்சுகளால் ஆன இன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். நம் ஆட்டோக்களில் பல 48 வோல்ட் அளவில் ஓடுவதால், அதே வேலையைச் செய்யும் அவற்றின் கன்ட்ரோலருக்குச் சாதாரண சிலிக்கன் மாஸ்ஃபெட் என்ற சுவிட்சே போதும். பொருள் வேறு, விலை வேறு, வாங்குபவரும் வேறு.

இந்தியச் சந்தைக்குள்ளும் மலைக்குத் தனித் தரம் வேண்டும் என்கிறேன். உயரம் கூடக் காற்று மெலிந்து கருவிகள் குளிர்வது குறைவதால், 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் திறனில் ஒரு சதவீதம் கழித்துக்கொள்வது தொழிற்சாலை மோட்டார்களை இயக்கும் டிரைவ் கருவிகளில் நெடுநாள் வழக்கம். அந்தக் கணக்கில் 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் 12 சதவீதம் போய்விடும். மின்பொறி தாவாதிருக்க மின்முனைகளுக்கு நடுவே விட வேண்டிய காற்று இடைவெளியின் அடிப்படை அட்டவணையும் 2,000 மீட்டர் வரைக்குமே பொருந்தும். ஓசூரிலும் கோவையிலும் வண்டியும் கன்ட்ரோலரும் செய்பவர்கள் இதையெல்லாம் கருத்தில் கொண்டு ஒரு மலைத் தரத்தை அறிவிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

சுற்றுப்பலகை (சூலூர்):

குன்னூர் நண்பருக்கு வணக்கம். ஆசிய-பசிபிக் என்ற கட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். மலைத் தரம் என்ற கோரிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் காரைப் பார்ப்போம். 1,700 கிலோ எடையுள்ள காரை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு, அதாவது சுமார் 1,900 மீட்டர் மேலே தூக்கிச் செல்ல ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் ஏறினால் சராசரித் திறன் 6 கிலோவாட், சக்கரங்களின் உருளல் தடையைச் சேர்த்தாலும் 10 கிலோவாட்டைத் தொடாது. 90 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு இது ஒரு சுமையே அல்ல. அதோடு காரின் இன்வெர்ட்டரைக் குளிர்விப்பது குழாயில் ஓடும் திரவம் என்பதால், காற்று மெலிவதும் அதைப் பெரிதாகப் பாதிக்காது.

ஆட்டோவின் கன்ட்ரோலர் காற்றில்தான் குளிர்கிறது என்பது உண்மை. ஆனால் ஏப்ரல் மாதத்தில் வேலூரோடு ஒப்பிட்டால் ஊட்டியின் பகல் வெப்பம் 15 டிகிரிக்கும் மேலாகக் குறைவு. மெலிந்த காற்றால் இழப்பதை அந்தக் குளிர்ச்சியே பெருமளவு திருப்பித் தந்துவிடும். காற்று இடைவெளிக்கான திருத்தம் 3,000 மீட்டரிலேயே 1.14 மடங்குதான். ஊட்டியின் உயரத்துக்கு அது மிகச் சிறிது, 48 வோல்ட்டுக்கோ ஒரு பொருட்டே அல்ல. சார்ஜரை வடிவமைப்பவர் வேண்டுமானால் அதைக் கவனிக்கட்டும். மலை மாவட்டத்தில் விற்கும் சில நூறு வண்டிகளுக்காக எந்த நிறுவனமும் தனி வார்ப்பு செய்யாது.

பெட்போர்டு ஸ்டாண்டு (குன்னூர்):

நான் மின் ஆட்டோ ஓட்டுகிறேன். சூலூர் ஐயா சராசரியை வைத்துக் கணக்குப் போடுகிறார், ஆனால் எங்கள் வண்டி சராசரியில் பழுதாவதில்லை. பேருந்து நிலையத்திலிருந்து பெட்போர்டுக்கு ஏறும்போது முன்னால் லாரி நின்றுவிட்டால், மூன்று பேரை வைத்துக்கொண்டு ஏற்றத்தின் நடுவில் நிற்க வேண்டியிருக்கும். பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரைத் திருகியே வண்டியை நிறுத்திவைப்பது எங்களில் பலருக்குப் பழக்கம். இரண்டு மூன்று முறை அப்படி நின்றால் கன்ட்ரோலர் சூடாகி, வண்டி இழுப்பதை விட்டுவிடும். பயணிகளை இறக்கிவிட்டுச் சற்று நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு முறை அது முழுவதுமாகவே போய்விட்டது. சர்வீஸ் மையத்தில் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். அலுமினியத் தகட்டில் வரிசையாகத் திருகப்பட்டிருந்த மாஸ்ஃபெட்டுகளில் ஒன்று மட்டும் வெடித்துக் கருகியிருந்தது. ஆனால் பலகை முழுவதும் ரப்பர் போன்ற பசையை ஊற்றி இறுக்கிவிட்டிருந்ததால் அந்த ஒன்றை மட்டும் மாற்ற வழியில்லை என்று சொல்லி, முழுப் பெட்டியையும் மாற்றினார்கள். கருகியது ஒரு சின்னப் பொருள், நான் கொடுத்ததோ முழுக் கன்ட்ரோலரின் விலை. புதுப் பெட்டி வந்து சேரும்வரை வருமானமும் இல்லை.

தேயிலைமேடு (குன்னூர்):

சூலூர் நண்பரே, சந்தை எங்கே இருக்கிறது என்பதை ஓட்டுநர் அண்ணன் காட்டிவிட்டார். கார்களைப் பற்றிய உங்கள் கணக்கு முற்றிலும் சரி, ஆனால் என் கோரிக்கை கார்களுக்கானது அல்ல. வண்டி ஓடும்போது மின்னோட்டம் மோட்டாரின் மூன்று ஃபேஸ்களிலும், அதாவது மூன்று கம்பிச் சுருள் தொகுதிகளிலும், மாறி மாறிப் பாய்வதால் வெப்பமும் எல்லா மாஸ்ஃபெட்டுகளுக்கும் பகிரப்படுகிறது. ஏற்றத்தில் மோட்டார் சுழலாமல் முறுக்கத்தை (திருப்பு விசையை) மட்டும் தந்துகொண்டிருந்தால், மின்னோட்டம் அசையாமல் ஒரு ஃபேஸின் மீதே அதிகமாக நிலைத்துவிடும், அந்த ஓரிரு மாஸ்ஃபெட்டுகளே முழுச் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். சமவெளியில் இது அபூர்வம், குன்னூரிலும் கோத்தகிரியிலும் அன்றாடம் நடப்பது.

எண்ணிக்கை குறைவு என்பதையும் சிந்தியுங்கள். மின் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையில் 2023இலேயே இந்தியா சீனாவை முந்தி உலகின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தையில் திருமலை அடிவாரமும் ஏற்காடும் உண்டு. ஏற்றமுள்ள ஊர்கள் அனைத்தையும் சேர்த்தால் அது சில நூறு வண்டிகளாக இருக்காது.

சுற்றுப்பலகை (சூலூர்):

நின்ற நிலையில் ஒரு ஃபேஸ் சூடாவதை நான் மறுக்கவில்லை. அதற்கு மென்பொருளில் ஏற்கெனவே வழி உண்டு: சில நொடிகளில் மின்னோட்டத்தைக் குறைப்பது, அல்லது ஏற்றத்தில் பிரேக்கைத் தானாகப் பிடித்துக்கொள்ளச் செய்வது. ஆகவே இதற்கு வன்பொருள் சந்தை ஒன்று தேவையில்லை.

பசையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் மலைக்கு ஒரு நியாயம் உண்டு, அது உங்கள் வாதத்துக்கு எதிராகவும் நிற்கிறது. நீலகிரியில் ஜூன் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும் ஓய்வதில்லை. சூடான பெட்டி இரவில் குளிரும்போது உள்ளே ஈரக் காற்றை இழுத்துக்கொள்கிறது, அது பலகையின் மேல் நீராகப் படிகிறது, செம்புத் தடங்கள் அரிக்கின்றன. அந்தப் பசை இல்லையென்றால் ஓட்டுநர் நண்பரின் கன்ட்ரோலர் இன்னும் முன்னதாகவே போயிருக்கும். பழுது பார்க்க வசதியாகத் திறந்து வைத்தால் அது மலையில் நிலைக்காது, மலையில் நிலைக்கும்படி அடைத்தால் பழுது பார்க்க முடியாது. இரண்டையும் ஒரே விலையில் கேட்பது பொறியாளரிடம் நடக்காததைக் கேட்பதாகும்.

கேத்தி ஆசிரியை:

இரண்டையும் கேட்க முடியும் என்று நான் நினைக்கிறேன். கட்டுப்பாட்டுப் பலகையைப் பசையில் அடைத்துவிட்டு, மாஸ்ஃபெட்டுகள் உள்ள திறன் பலகையைத் தனியாக, ரப்பர் வளையம் வைத்த மூடிக்குள் திருகி மாட்டினால், ஈரமும் நுழையாது, எரிந்த பலகையை மட்டும் கழற்றி மாற்றவும் இயலும். விலை சற்றுக் கூடும் என்பதை மறைக்கவில்லை. அந்த வேலையை நம் ஐடிஐ மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது கடினமல்ல.

இந்து நகரில் மூடிக் கிடக்கும் ஃபிலிம் தொழிற்சாலை வளாகத்தில் சில்லு ஆலை கேட்கலாம் என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மாநில அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் குறைக்கடத்திப் பூங்காக்களுக்குச் சூலூரையும் பல்லடத்தையும் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. மலையில் பழுதுநீக்கும் வேலை இருந்தால் போதும்.

தேயிலைமேடு (குன்னூர்):

அப்படியானால் நிறுவனங்களுக்கு எழுதவிருக்கும் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகளை மட்டும் வைக்கிறேன். முதலாவது, வண்டி ஏற்றத்தில் நின்ற நிலையில் முழு முறுக்கத்தை எத்தனை நொடி தாங்கும் என்பதை விற்பனைக் கையேட்டில் அச்சிட வேண்டும். இரண்டாவது, ஆசிரியை சொன்னபடி திறன் பலகையைத் தனி உதிரிப் பாகமாக விற்க வேண்டும்.

சுற்றுப்பலகை (சூலூர்):

முதல் கோரிக்கையில் நானும் கையெழுத்திடுகிறேன். அதற்குச் செலவில்லை, வாங்குபவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். இரண்டாவதில் கையெழுத்திட மாட்டேன். கழற்றி மாட்டும் ஒவ்வொரு இணைப்பும் 200 ஆம்பியர் பாயும்போது சூடாகும், கல்லாறு வளைவுகளின் அதிர்வில் தளரும் இணைப்பு இன்னும் கூடுதலாகச் சூடாகும். அப்படி ஒரு பெட்டியைச் செய்து ஒரு மழைக்காலம் முழுவதும் பெட்போர்டு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்போது மீண்டும் பேசலாம்.

பெட்போர்டு ஸ்டாண்டு (குன்னூர்):

பெட்டியை நீங்கள் செய்து கொடுங்கள் ஐயா, ஓட்டிப் பார்க்க என் வண்டியைத் தருகிறேன்.